நம்ம ஊரு பேச்ச நாமளே ஆராயுறது எப்படி: டெல்டாக்காரங்களுக்கு ஒரு மொழியியல் கைடு

மொழியியல்னு சொன்னாலே நெறைய பேருக்கு பள்ளிக்கூடத்து இலக்கண வகுப்பு ஞாபகம் வந்து கொட்டாவி வந்துரும். ஆனா இது வேற வேலைங்க. இலக்கண வாத்தியார் எப்படிப் பேசணும்னு சொல்லுவாரு, மொழியியல் பாக்குறவங்க ஜனங்க நெசமா எப்படிப் பேசுறாங்கன்னு காது குடுத்துக் கேட்டு, அதுக்குள்ள என்ன விதி ஓடுதுன்னு தேடுவாங்க. காலேஜ் சேர்ந்தாதான் செய்ய முடியும்னு இல்ல. ஒரு மொபைலு, ஒரு நோட்டு, வீட்ல வாய் ஓயாம பேசுற ஒரு அப்பாயி, இது போதும் ஆரம்பிக்க.

ஒரே ஒரு விஷயத்த மட்டும் மொதல்லயே மனசுல ஏத்திக்கங்க. எழுத்துலேர்ந்து ஆரம்பிக்காதீங்க, காதுலேர்ந்து ஆரம்பிங்க. கொச்ச, பேச்சு வழக்கு, பட்டிக்காட்டுப் பேச்சுன்னு எத ஒதுக்கி வச்சிருக்கோமோ அதுலதான் விதி இன்னும் கறாரா இருக்கும், ஏன்னா அத யாரும் சொல்லிக் குடுக்கல, யாரும் திருத்தல, இருந்தும் திருவையாத்துலயும் மன்னார்குடிலயும் இருக்கிற ஆளுங்க ஒருத்தர ஒருத்தர் பாக்காமலே அதே விதிப்படி பேசுறாங்க.

முதல் வேலை ரெக்கார்டிங். வாட்ஸப் வாய்ஸ் நோட்டுல எடுக்காதீங்க, அது சத்தத்த நசுக்கிரும், அப்புறம் ச-வா ஸ-வான்னு தெரியாது. மொபைல்ல சும்மா கெடைக்கிற ரெக்கார்டர் ஆப்புல வேவ் ஃபார்மட் இருந்தா அத செலக்ட் பண்ணுங்க, ஃபேன அணைங்க, மொபைல வாயிலேர்ந்து ஒரு சாண் தள்ளி கொஞ்சம் பக்கவாட்டுல வைங்க, நேரா வச்சா ப, ட சொல்லும்போது காத்து மைக்குல மோதும். கேக்காம எடுக்கவே கூடாது, என்னத்துக்குன்னு சொல்லிட்டு எடுங்க.

மைக்கப் பாத்த உடனே எல்லாரும் மேடைத் தமிழுக்குத் தாவிருவாங்க, இதுதான் பெரிய தலவலி. உலகம் பூரா இந்தப் பிரச்ன இருக்கு, வில்லியம் லபோவ்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் இதப் பத்தி நெறைய எழுதியிருக்காரு: ஆள் பாக்காதப்ப எப்படிப் பேசுறாங்கன்னு தெரியணும், ஆனா பாத்தாதான் தெரியும். அவரு கண்டுபுடிச்ச வழி என்னன்னா, பேசுறவங்களுக்கே பேச்ச மறக்கடிக்கிற மாதிரி விஷயத்தக் கேக்குறது. அதனால "வாழைப்பழத்த நீங்க எப்படிச் சொல்லுவீங்க"ன்னு கேட்டீங்கன்னா கெட்டுது போங்க, அவங்க உடனே நாக்க மடிச்சி அழகா ழ சொல்லுவாங்க. அதுக்குப் பதிலா அந்தக் காலத்துல நடவு எப்படி நடந்துச்சு, புயலடிச்ச ராத்திரி வீட்ல யார் யாரு இருந்தீங்க, அவங்க கல்யாணத்துல என்ன சண்ட வந்துச்சுன்னு கேளுங்க. அஞ்சாவது நிமிஷம் மைக் மறந்துரும், அதுக்கு முன்னாடி உள்ள பேச்ச கணக்குல எடுக்காதீங்க.

ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் ஆள் வயசு, பொறந்த ஊரு, வாக்கப்பட்ட ஊரு, எவ்ளோ படிச்சாங்க, இத எழுதி வைங்க. பொறந்த ஊரு ரொம்ப முக்கியம். நம்ம பக்கம் ஒரு தெருவுல இருக்கிற பொம்பளைங்க பாதிப்பேரு வேற ஊர்லேர்ந்து வந்தவங்களா இருப்பாங்க, அவங்க பேச்ச அப்படியே உங்க ஊரு பேச்சுன்னு எழுதிட்டா கணக்கு தப்பிரும்.

அப்புறம் கேட்டு எழுதணும். ஒரு அஞ்சு நிமிஷப் பேச்ச எழுத ஒரு சாயங்காலம் பூரா போயிரும், சலிச்சுக்காதீங்க. கேட்டத கேட்ட மாதிரி எழுதணும், நெலம்னு காதுல விழுந்தா நெலம்னுதான். பேச்ச எழுத்தா மாத்தித் தர்ற ஆப்புங்கள நம்பி குடுத்தீங்கன்னா பல நேரம் அது உங்களுக்கு நல்லது பண்றதா நெனச்சி நிலம்னு திருத்திக் குடுத்துரும், ஆராயப் போற சமாச்சாரமே காணாமப் போயிரும்.

இப்ப வேட்டை. மொத வேட்டைக்கு ஒரு நல்ல எடம் சொல்றேன், எப்பவும் ஏமாத்தாது. நோட்டுல ரெண்டு பத்தி போட்டு ஒரு பக்கம் எழுதுற மாதிரி, இன்னொரு பக்கம் பேசுற மாதிரி எழுதுங்க. நிலம், நெலம். விதை, வெத. கிணறு, கெணறு. விறகு, வெறகு. குளம், கொளம். குடம், கொடம். முளை, மொள. இதப் பாத்த உடனே இ எல்லாம் எ ஆவுது, உ எல்லாம் ஒ ஆவுதுன்னு முடிவு கட்டத் தோணும். பொறுங்க. கிளி கிளிதான், யாரும் கெளின்னு சொல்றதில்ல. புலி, புழு, குடி, குருவி, ஒன்னும் அசையல. குறுவையும் குறுவதான், கொறுவ இல்ல. அப்ப எங்க மாறுது, எங்க மாறல? அடுத்து வர்ற எழுத்தப் பாருங்க. நிலத்துல அடுத்தது ல, அதுல அ இருக்கு. விதையில தை, அதுல ஐ. கிளியில அடுத்தது ளி, குறுவையில அடுத்தது று. அதாவது அடுத்த அசையில அ-வோ ஐ-யோ இருந்தாத்தான் முன்னாடி இருக்கிற இ, உ ரெண்டும் எறங்குது. கண்ணாடி முன்னாடி நின்னு இ, எ, அ-ன்னு வரிசையா சொல்லிப் பாருங்க, தாடை படிப்படியா கீழ போவும். வாய்க்கு அடுத்தாப்புல அ வரப்போவுதுன்னு தெரியும், அதனால இப்பவே பாதி தொறந்து வச்சிக்குது.

விதி கெடைச்சிருச்சுன்னு நோட்ட மூடிராதீங்க, அத ஒடைக்கப் பாருங்க, அதுதான் இந்த வேலையில பாதி. முட்டை? முட்டதான், மொட்ட இல்ல. குப்பை, கிண்ணம், குத்தகை, இதுலயும் அடுத்தாப்புல அ-வோ ஐ-யோ இருக்கு ஆனா மாறல. ஏன்னா நடுவுல ட்ட, ப்ப, ண்ண, த்தன்னு இரட்டிச்சு நிக்குது. ஒத்த மெய் இருந்தாத்தான் எறங்கும். இப்ப விதி டைட்டா ஆயிருச்சு: மொத அசையில இ அல்லது உ, நடுவுல ஒத்த மெய், அடுத்து அ அல்லது ஐ. இத வச்சி கேக்காமலே ஜோசியம் சொல்லலாம். உழவுன்னு ஒரு சொல்லு, நடுவுல ழ ஒத்தையா நிக்குது, கூட அ இருக்கு, அப்ப ஒழவுன்னு வரணும். உழுதாச்சாவுல ழு-வுல உ இருக்கு, அப்ப அது மாறக்கூடாது. போய்க் கேளுங்க, "ஒழவு ஓட்டியாச்சு", "அந்தத் தாக்க உழுதாச்சா", ரெண்டையும் ஒரே ஆளு ஒரே மூச்சுல சொல்லுவாரு. அவருக்கு இந்த விதி யாரும் சொல்லிக் குடுத்ததில்ல.

அப்புறமும் கொஞ்சம் சொல்லு மிஞ்சும். இதயத்த யாரும் எதயம்னு சொல்றதில்ல, நிகழ்ச்சிய நெகழ்ச்சின்னு சொல்றதில்ல. ஏன்னா அதெல்லாம் மேடையிலேர்ந்தும் புஸ்தகத்துலேர்ந்தும் வந்த சொல்லுங்க, வீட்டுக்குள்ள பொழங்குன சொல்லு இல்ல, அதனால விதி அதத் தொடல. இன்னொன்னு இவன். விதிப்படி பாத்தா இவன் எவன் ஆயிருக்கணும், ஆனா எவன்னு ஏற்கனவே ஒருத்தன் ஒக்காந்திருக்கான், ரெண்டும் ஒன்னாயிட்டா கேள்விக்கும் பதிலுக்கும் வித்தியாசமே இருக்காது, அதனால இ அங்க நகரல. விதிய மீறுறதெல்லாம் குப்பைன்னு தள்ளாதீங்க, அது ஒவ்வொன்னுக்கும் கேட்டா ஒரு காரணம் சொல்லும்.

இதே மாதிரி நீங்களே பண்ண ஒன்னு குடுக்குறேன்: மூன்று மூணு ஆவுது, தோன்றுது தோணுது ஆவுது, ஆனா ஒன்று ஒன்னு ஆவுது, கன்று கன்னு ஆவுது, பன்றி பன்னி. எங்க ஒத்த மெய், எங்க இரட்டை, அதுக்கு முன்னாடி இருக்கிற உயிரு நெட்டையா குட்டையான்னு பாருங்க. வெடை தானா வந்துரும்.

அடுத்தது மூக்கு. "அவ பாத்தா" சொல்லுங்க, "அவன் பாத்தான்" சொல்லுங்க, வேகமா, வீட்ல பேசுற மாதிரி. ரெண்டாவதுல கடைசி ன் நெசமாவே நாக்க மேல ஒட்டி சொல்றீங்களா? இல்ல. ன் கரைஞ்சு போயி சத்தம் மூக்கு வழியா வருது, அவ்ளோதான். இப்ப மூக்கப் புடிச்சிக்கிட்டு ரெண்டையும் சொல்லுங்க. அவ பாத்தா அப்படியே இருக்கும், அவன் பாத்தான் மட்டும் அடைச்சாப்ல வரும். ஒரு ஆணையும் பொண்ணையும் பிரிச்சுக் காட்டுறது இங்க வெறும் மூக்குக் காத்துதான். இப்படி ஒரே ஒரு சத்தம் மாறி அர்த்தம் மாறுற ஜோடியத்தான் தேடிக்கிட்டே இருக்கணும். கல்லும் கள்ளும், மனமும் மணமும் ஒரு ஜோடி. ஜோடி கெடைச்சா அந்த ரெண்டு சத்தமும் அந்த மொழியில தனித்தனி ஆளுன்னு அர்த்தம், ஒலியன்னு பேரு. கெடைக்கலன்னா ஒரே ஆளு ரெண்டு சட்டை போட்டிருக்கான்னு சந்தேகப்படலாம்.

நம்ம க அப்படித்தான். கல், பகல், பக்கம், தங்கம், நாலுலயும் காத வச்சிக் கேளுங்க, ஒரே சத்தம் இல்ல. தொண்டையில விரல வச்சா தங்கத்துல க வரும்போதும் அதிர்வு நிக்காம ஓடும், பக்கத்துல ஒரு நொடி அறுந்துரும். ஆனா சொல்லோட மொதல்ல இருந்தா இப்படி, மெல்லினத்துக்குப் பின்னாடி இருந்தா அப்படின்னு எடமே முடிவு பண்ணிருது, அதனால ஒரு எழுத்து போதும்னு விட்டாங்க. தமிழ்ல எழுத்து பத்தலன்னு சொல்றவங்களுக்கு இதத்தான் சொல்லணும். இப்ப சுவாரசியம் என்னன்னா வந்த சொல்லுங்க இத ஒடைச்சிருச்சு. "கேட்டு வாங்கு", "கேட்ட மூடு", ரெண்டும் க-வுலதான் ஆரம்பிக்குது, ஆனா தெருக் கேட்டுக்குத் தொண்ட அதிருது, கேட்டு வாங்குறதுக்கு அதிரல. மொதல்லயே அதிர்வோட ஒரு க இன்னிக்கு நம்ம பேச்சுல புதுசா குடியேறியாச்சு, எழுத்துக்கு இன்னும் தெரியாது.

சத்தம் எங்கேர்ந்து எப்படி எழும்புதுன்னு ஆராயுறது வெளிநாட்டு சமாச்சாரம்னு நெனைக்க வேணாம், தொல்காப்பியத்துல பிறப்பியல்னே ஒரு பகுதி இருக்கு, மூச்சு கீழேர்ந்து கெளம்பி நெஞ்சு, தொண்ட, தல வழியா வந்து பல்லு, ஒதடு, நாக்கு, மூக்கு, அண்ணம் இதுல பட்டு எழுத்தா பொறக்குதுன்னு வரிசையா சொல்லியிருக்கு. ஆனா மனுஷ மொழிக்கு சத்தமே கட்டாயம் இல்லைங்கறதையும் சேத்து தெரிஞ்சுக்கங்க. காது கேக்காதவங்க கையால பேசுற சைகை மொழிக்கும் முழு இலக்கணம் இருக்குன்னு 1960ல வில்லியம் ஸ்டோக்கோங்கற அமெரிக்கப் பேராசிரியர் எழுதிக் காட்டுனாரு.

சத்தத்துலேர்ந்து சொல்லுக்கு வருவோம். நீளமான சொல்லா ஒன்னு புடிங்க: வெட்டிக்கிட்டிருந்தாங்களாம். இத கத்தி வச்சி அறுக்கணும்னா ஒரு துண்ட மட்டும் மாத்தி மாத்திப் பாக்கணும். வெட்டிய எடுத்துட்டு நட்டுன்னு போடுங்க, நட்டுக்கிட்டிருந்தாங்களாம், அப்ப வெட்டி தனித்துண்டு. இருந்தாங்கள இருக்காங்கன்னு மாத்துங்க, காலம் மாறுது. ஆங்கள ஆன்னு மாத்துங்க, ஆள் மாறுது. கடைசியில ஆம். இப்படி அர்த்தம் உள்ள ரொம்பச் சின்னத் துண்டுக்கு உருபன்னு பேரு. இங்க ஒரு விஷயத்த கவனிங்க. வந்தாங்கன்னு சொல்லும்போது கடைசியில ள் இல்ல, ஆனா வந்தாங்களா, வந்தாங்களாம்னு பின்னாடி உயிரு வந்தா அந்த ள் திரும்ப எட்டிப் பாக்குது. அவ-வும் அப்படித்தான், தனியா நின்னா அவ, அவளுக்கு, அவளோடன்னு சேந்தா ள் வந்துருது. செத்துப் போச்சுன்னு நெனச்ச எழுத்து உள்ளுக்குள்ள உயிரோட இருக்கு.

அந்த ஆம் துண்டு சாதாரணமில்ல. ஜூன் 12 வழக்கமா மேட்டூர் தொறக்குற நாளு. "மேட்டூர் தொறந்துட்டாங்க"ன்னு ஒருத்தர் சொன்னா அதுக்கு அவரு பொறுப்பு. "தொறந்துட்டாங்களாம்"னா யாரோ சொன்னாங்க, நான் பாக்கல, நாளைக்கி என்னக் கேக்காத. ஒரு நெடில், ஒரு மூக்குச் சத்தம், இத வச்சி சாட்சிய மாத்திர்றோம். துருக்கி மொழியில இதுக்கு வினையிலயே விகுதி இருக்கு. கொலம்பியா பிரேசில் எல்லையில பேசுற துயூகா மொழியில பாத்து தெரிஞ்சதா, சத்தம் கேட்டு தெரிஞ்சதா, அடுத்தவங்க சொல்லித் தெரிஞ்சதான்னு அஞ்சு வகையா பிரிச்சி வினையில சொல்லியே ஆகணும்.

தண்ணிய வச்சே இன்னொன்னும் பாக்கலாம். தண்ணி வரல. தண்ணி வராது. தண்ணி வரமாட்டேங்குது. வரல-ங்கறதுல காலமே இல்ல, நேத்தைக்கும் பொருந்தும் இன்னிக்கும் பொருந்தும். வராதுன்னா இனிமே நம்பாத. மூணாவது, மடைய வெட்டியாச்சு, வாய்க்கால தூர் வாரியாச்சு, என்னென்னமோ பண்ணியாச்சு, அதுவா வர மறுக்குது. உசுரில்லாத தண்ணிக்கும் மோட்டாருக்கும் பிடிவாதம் குடுக்குற வினை இது. இந்த மூணையும் இங்கிலீஷ்ல சொல்லிப் பாருங்க, மூணாவதுக்கு சுத்தி வளைக்கணும். நாமவும் நாங்களும் அதே கத, கேக்குறவங்கள சேக்குறோமா விடுறோமான்னு பிரிக்கிறோம், இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒன்னுதான்.

வாக்கியத்துக்கு ஒரே ஒரு கருவி போதும், நட்சத்திரக் குறி. யாரும் சொல்லமாட்டாங்கன்னு தெரியுற வாக்கியத்துக்கு முன்னாடி ஒரு நட்சத்திரம் போடுறது மொழியியல்ல வழக்கம். "நேத்து வயலுக்குத் தண்ணி வந்துச்சு". இத கலைச்சுப் போடுங்க: "வயலுக்கு நேத்து தண்ணி வந்துச்சு", "வந்துச்சு தண்ணி வயலுக்கு நேத்து". எல்லாம் ஓடும். இப்ப "நேத்து அடச்ச மடை ஒடஞ்சிருச்சு". இதுல "*அடச்ச நேத்து மடை ஒடஞ்சிருச்சு" ஓடாது. ஏன்னா நேத்து அடச்ச மடைங்கறது ஒரே கட்டு, கட்ட தூக்கி எங்க வேணா வைக்கலாம், உள்ள இருக்கறத உருவ முடியாது. இந்தக் கட்டு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு கண்டுபுடிக்கிறதுதான் தொடரியல். அடுத்தவங்ககிட்ட கேக்கும்போது "இது சரியா தப்பா"ன்னு கேக்காதீங்க, பயந்துருவாங்க, "இப்படி யாராச்சும் சொல்லுவாங்களா"ன்னு கேளுங்க. நம்ம பேச்சுல வினை கடைசியில வரும், வேற்றுமை உருபும் "மேல, கீழ, கிட்ட"யும் பெயருக்குப் பின்னாடி வரும். ரெண்டும் சேந்து வர்றது தற்செயல் இல்லன்னு 1963ல ஜோசப் கிரீன்பெர்க்னு ஒரு மொழியியல் ஆய்வாளர் பல மொழிய ஒப்பிட்டுச் சொன்னாரு, ஜப்பான்காரங்களும் துருக்கிக்காரங்களும் நம்மள மாதிரிதான் அடுக்குறாங்க.

மொழிக்கும் மொழிக்கும் ஒறவு பாக்கணும்னா காவேரி வர்ற வழியிலயே மேல கன்னடத்துக்குப் போங்க. பால் அங்க ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி. ஒரு சொல்லு ஒத்துப்போனா கடன் வாங்குனதா இருக்கலாம், ஆனா வரிசையா எல்லா ப-வும் ஹ ஆனா அது ஒறவு. செவி அங்க கிவி, சேரி அங்க கேரி, இதுல மாறுனது நாம, க-வ ச ஆக்கிட்டோம். இந்த மாதிரி ஒப்பிட்டுத்தான் தென்னாட்டு மொழிங்க தனிக் குடும்பம்னு 1816ல எல்லிஸ்ங்கற வெள்ளைக்கார அதிகாரி சொன்னாரு, 1856ல கால்டுவெல் பாதிரியார் விரிவா எழுதுனாரு. கும்பகோணத்துல சௌராஷ்டிரம் பேசுற சிநேகிதர் இருந்தா அவர்கிட்ட ஒன்னுலேர்ந்து பத்து வரைக்கும் எண்ணச் சொல்லிக் கேளுங்க, அது நம்ம குடும்பம் இல்ல, வடக்க உள்ள குடும்பம்னு உடனே தெரிஞ்சுரும், பேசுற ஆளு பல தலைமுறையா இங்கதான் இருக்காரு.

கடைசி வேலை எண்ணுறது. ஒரே ஆளு ஒரே பேச்சுல ஒரு தடவ மழைன்னும் ஒரு தடவ மளைன்னும் சொல்லுவாங்க. மனசுல பட்டத வச்சி "எங்க ஊர்ல எல்லாரும் ள தான்"னு எழுதாதீங்க. ழ வரவேண்டிய எடத்தையெல்லாம் பேச்சுலேர்ந்து பட்டியல் போட்டு, ழ வந்தா ஒரு கோடு, ள வந்தா ஒரு கோடு, வேற வந்தா தனியா ஒரு கோடு. அப்பாயிக்கு ஒரு கணக்கு, அம்மாவுக்கு ஒரு கணக்கு, தங்கச்சிக்கு ஒரு கணக்கு. லபோவ் அமெரிக்காவுல மார்த்தாஸ் வைன்யார்டுங்கற சின்னத் தீவுல இப்படித்தான் எண்ணுனாரு, டூரிஸ்டுங்க வந்து குவியுறது புடிக்காம தீவோட ஒட்டிக்கிட்ட ஆளுங்ககிட்ட பழைய உச்சரிப்பு கூடிக்கிட்டுப் போனது அதுல தெரிஞ்சுது. மேப் போட ஆசையிருந்தா தஞ்சாவூர்லேர்ந்து பட்டுக்கோட்டை, பேராவூரணின்னு தெக்க எறங்கி ஒவ்வொரு ஊர்லயும் அவங்க, அவுக, அவா இதுல எது, யார் வாயில வருதுன்னு மட்டும் குறிச்சிக்கிட்டே போங்க. சாதி, தெரு, படிப்பு எல்லாம் இதுல கலந்து வரும், அத மறைக்கவும் வேணாம், வச்சி யாரையும் எடை போடவும் வேணாம். கும்பகோணத்துல ஆத்துல இருக்கேன்னா ஒருத்தர் குளிக்கிறாரு, இன்னொருத்தர் வீட்ல இருக்காரு, ரெண்டும் தமிழ்தான், ரெண்டும் ஒழுங்கான விதிப்படி வந்த தமிழ்தான்.

நம்ம பக்கம் இதுக்கெல்லாம் பழைய கத இருக்கு. 1706ல தரங்கம்பாடியில வந்து எறங்குன ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு பள்ளிக்கூடப் பசங்களோட ஒக்காந்து மணல்ல எழுதிப் பழகித்தான் தமிழ் கத்துக்கிட்டாரு, 1716ல அவரோட தமிழ் இலக்கணம் ஜெர்மனியில அச்சாச்சு. அவருக்கு அப்புறம் வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்குத் தனியா, செந்தமிழுக்குத் தனியா இலக்கணம் எழுதுனாரு. எழுத ஒன்னு பேச ஒன்னுங்கற இந்த இரட்டை வழக்குக்கு டைகுளோசியான்னு பேரு, சார்லஸ் ஃபெர்குசன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1959ல எழுதுன கட்டுரையாலதான் அது பரவலாச்சு, அவரு அரபி, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெய்ட்டித் தீவு மொழி நாலையும் வச்சி எழுதுனாரு. சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல மொழியியலுக்குன்னே உயராய்வு மையம் இருக்கு, தஞ்சாவூர்ல 1981ல தொடங்குன தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கு. கொஞ்சம் கைப்பழக்கம் வந்த அப்புறம் போய்ப் பாருங்க, நோட்டோட போனா மதிப்பாங்க.

சாஃப்ட்வேர்னா சத்தத்தப் படமா காட்டுற ப்ராட் (Praat) எறக்கிக்கங்க, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துக்காரங்க பண்ணுனது, சும்மா கெடைக்குது. தொண்ட அதிர்வு அதுல கீழ கருப்புப் பட்டையா தெரியும், தங்கத்தோட க-வும் பக்கத்தோட க-வும் கண்ணுக்கே பிரிஞ்சு தெரியும். ஆனா எடுத்த உடனே அதுல போய் விழாதீங்க, காது பழகாம படத்தப் பாத்தா ஒன்னும் புரியாது. அதுக்கு முன்னாடி இன்னொருத்தரயும் கூட சேத்துக்கங்க. ஒரே ரெக்கார்டிங்க ரெண்டு பேரும் தனித்தனியா எழுதி அப்புறம் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாருங்க, எங்க ரெண்டு பேரும் வேற வேற மாதிரி எழுதியிருக்கீங்களோ அந்த எடத்த மட்டும் வட்டம் போட்டு மறுபடி ஓட விட்டுக் கேளுங்க, அடுத்த வேட்டை அனேகமா அந்த வட்டத்துக்குள்ளதான் இருக்கும்.